அளவக்காவும் பொய் மீனும்

ஆற்றை அளப்பது அவளுக்குச் சம்பள வேலை. கதை அளப்பது சம்பளமில்லாத வேலை. முதலாவதைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை செய்வாள். இரண்டாவதற்கு நேரம் காலம் கிடையாது. அப்படித்தான் அவளுக்கு அளவக்கா என்று பேர் விழுந்தது. கூப்பிடுகிறவர்கள் எந்த அளப்பை மனதில் வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள் என்று அவள் விசாரித்ததில்லை. இரண்டிலும் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அவள் எண்ணம்.

பாலத்துக்குக் கீழே, ஆற்றுக்குள் இறங்கும் சிமெண்டுப் படிகளின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அளவுப்பலகை ஒன்று நட்டிருக்கிறது. தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து, படியேறி, மேலே இருக்கும் ஒற்றை அறைக்குள் போய், தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, கம்பி ஒடிந்த ஒரு குடை, எப்போதோ கிழிப்பதை நிறுத்திவிட்ட ஒரு காலண்டர். இவ்வளவுதான் அறை. போனை எடுத்துவிட்டால் அவள் குரலே வேறு. "நீர்மட்டம்" என்று ஆரம்பித்து எண்ணைச் சொல்வாள், அதையே இன்னொரு முறை சொல்வாள், வைத்துவிடுவாள். அரை விரல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. மழைக்காலத்தில் கரையோரத் தெருக்காரர்களை மேட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும். அதில் மட்டும் விளையாடக் கூடாது என்று அவளே தனக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள். போனை வைத்த பிறகு அந்தச் சட்டம் செல்லாது.

வெள்ளத்தில் ஒரு கட்டில் மிதந்து வந்ததாம். அதன்மேல் ஒருத்தர் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாராம். "நான்தான் தட்டி எழுப்பினேன். எந்த ஊரு வந்திருக்குன்னு கேட்டாரு. சொன்னேன். எறங்க இன்னும் ரெண்டு ஊரு இருக்குன்னு சொல்லிட்டு மறுபடியும் படுத்துக்கிட்டாரு." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. கேட்கிறவர்களுக்கு அந்த ஆளின் போர்வை என்ன நிறம் என்றுகூடத் தெரிந்துவிடும்.

கேட்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அந்த வீட்டில் இருவருக்கும் அளப்பதுதான் பிழைப்பு. அவர் மிஷினில் ரீலை மாட்டுவார், இவள் பக்கத்தில் நின்று ரீல் விடுவாள். அளவு கொடுக்க வந்தவர் கையை விரித்து நிற்கும்போது தப்பிக்க வழியில்லாமல் கதையைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கதை முடிந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். தலையைத் திருப்பித் தையல்காரரைப் பார்ப்பார்கள். வாய் நிறையக் குண்டூசி வைத்திருக்கும் அவர், இல்லை என்று ஒரு தலையாட்டு ஆட்டுவார். ஆள் சிரித்துவிட்டு அடுத்த கையை நீட்டுவார்.

கல்யாணமான புதிதில் அவர் இப்படி இல்லை. எதைச் சொன்னாலும் நம்பினார். வருஷத்தில் ஒருநாள் இந்த ஆறு பின்பக்கமாக ஓடும், அது நாளைக்குத்தான் என்று அவள் சொன்னதை நம்பி, குடையும் பிஸ்கட் பொட்டலமுமாகப் பாலத்தில் போய் நின்றார். பொழுது சாயும்வரை நின்றார். பாதி ஊர் அவரைப் பார்த்துவிட்டுப் போனது. அன்றைக்கு வீடு திரும்பியவர் கோபப்படவில்லை, முகத்தைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவள் எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்பார். அவ்வளவுதான். திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். கதையை ஆரம்பித்ததும் அகல விரிந்த அந்தப் பழைய கண்களை அவள் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. எத்தனை பேரைச் சிரிக்க வைத்தாலும் அந்த ஒரு குறை அவளை உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது.

இப்படியிருக்கும்போதுதான் மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டை போட்ட ஒரு பெண் ஒருநாள் ஆற்றுக்குள்ளிருந்து எழுந்து வந்தாள். நீர்வாழ் உயிர்களை ஆராய்கிற நிலையத்திலிருந்து வந்தவள். வயது முப்பதுக்குள் இருக்கும். படியில் நின்றிருந்த அளவக்காவைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அக்கா, இங்க மட்டி இருக்கா?"

அளவக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இங்க நான் ஒருத்திதான். நெறையா வேணும்னா தலைமை ஆபீசுக்குப் போங்க. மாடி மாடியா இருக்காங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் கால் வழுக்கித் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அந்த மட்டி இல்லக்கா. ஆத்து மட்டி. சிப்பி மாதிரி இருக்குமே, அது." அன்றைக்கே அளவக்கா அவளுக்கு மட்டி டாக்டர் என்று பேர் வைத்துவிட்டாள். தன்னிடம் விழுந்து விழுந்து சிரிக்கிறவர்களை அவள் லேசில் விடுகிறவள் இல்லை.

மட்டி டாக்டரிடம் அடியில் கண்ணாடி பதித்த வாளி ஒன்று இருந்தது. அதைத் தண்ணீரில் பாதி அமுக்கிக்கொண்டு உள்ளே பார்த்தால் ஆற்றின் அடி அப்படியே பளிச்சென்று தெரியும். இத்தனை வருஷமாகத் தண்ணீரின் மேல்மட்டத்தையே பார்த்துச் சம்பளம் வாங்கிய அளவக்கா, அன்றுதான் அதன் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். கூழாங்கற்களுக்கு நடுவே, பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு, கறுத்த ஓடுகள் வரிசையாக நின்றிருந்தன. ஒவ்வொன்றும் வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தது, பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்கிற மாதிரி.

"அங்க ஒரு குட்டி மீன் நிக்குது பாருங்க, ஒரு மட்டிக்குப் பக்கத்துல" என்றாள் மட்டி டாக்டர்.

நின்றது. விரல் நீளம். ஒரு கண், ஒரு வால், ஓரத்தில் ஒரு கோடு. ஓட்டத்துக்கு ஏற்றபடி நெளிந்துகொண்டே இருந்தது, ஆனால் நகரவில்லை.

"அது மீன் இல்லக்கா. அந்த மட்டியோட சதைதான். தாய் மட்டி அப்படிச் செஞ்சு வெச்சிருக்கு. பெரிய மீனு ஒண்ணு இருக்கு, பசியில வரும். குட்டி மீனுன்னு நெனச்சு லபக்குனு கடிக்க வரும். அந்த நேரம் பாத்து அம்மா தன் குஞ்செல்லாத்தையும் அது வாயில பீச்சி விட்டுடும். குஞ்செல்லாம் மீனோட செவுள்ல கவ்விக்கும். கொஞ்ச வாரம் அங்கயே தங்கிட்டு, வேற எங்கயாவது நல்ல கூழாங்கல் தரையாப் பாத்து எறங்கிக்கும். மட்டியால நடந்து தூரமா போக முடியாது இல்லயா. மீனுதான் வண்டி."

அளவக்கா வாளியிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. கடைசியில் மட்டியைப் பார்த்து, "அடிப் பாவி" என்றாள். அவ்வளவு பிரியமாக அவள் தன் சொந்தத் தங்கையைக்கூடத் திட்டியதில்லை. கண்ணில்லை, காதில்லை, கையில்லை, காலென்று ஒரு சதைத் துண்டு. அதை வைத்துக்கொண்டு ஆற்றுக்கு அடியில் இப்படியொரு புருடா. அந்தப் பெரிய மீனுக்கு அவள் அங்கேயே மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். விருந்து என்று நம்பி வந்து, வாய் நிறையப் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போகிறது அல்லவா.

அதன்பிறகு மட்டி டாக்டர் வரும் நாளெல்லாம் அளவக்காவும் படியில் ஆஜர். போகப் போகத்தான் விஷயம் அவ்வளவு சிரிப்பில்லை என்று தெரிந்தது. இந்த வகை மட்டி இந்த ஒரு ஆற்றில்தான் உண்டு. ஆற்றிலும் இப்போது மிச்சம் இருப்பது பாலத்தடியில் மட்டும்தான். ஒரு காலத்தில் கரையில் பட்டன் பட்டறை இருந்தது. மட்டியை வண்டி வண்டியாக அள்ளி, ஓட்டிலிருந்து வட்டம் வட்டமாக அறுத்துச் சட்டைப் பட்டன் செய்தார்கள். கரையைத் தோண்டினால் இன்றைக்கும் வட்ட ஓட்டை விழுந்த ஓடுகள் கிடைக்கும். பிளாஸ்டிக் பட்டன் வந்து மிச்சத்தைக் காப்பாற்றியது. பிறகு சாலைக்காகக் கரை மரங்களை வெட்டினார்கள், தண்ணீர் சுட்டது. ஆற்றின் மேல்பக்கம் மண் அள்ளினார்கள், சேறு வந்து கூழாங்கல்லின் சந்துகளையெல்லாம் அடைத்தது. அந்தச் சந்தில்தான் குஞ்சு மட்டி மூச்சு விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாலத்துக்குச் சற்றுக் கீழே குறுக்குச் சுவர் ஒன்றை எழுப்பித் தண்ணீரைத் தேக்கினார்கள். மாப்பிள்ளைக்கு அந்தச் சுவரைத் தாண்டி ஏறி வர முடியவில்லை.

"இங்க இருக்கிறது எல்லாமே கெழவிங்கக்கா. உங்களவிடப் பெரியவங்க."

"என் வயசு உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஒரு குட்டிகூட இல்ல. மட்டிக்கு ஆயுசு கெட்டி. அதனால பாக்கிறவங்களுக்கு நெறைய இருக்குற மாதிரித் தெரியும். இதுங்க போயிட்டா முடிஞ்சுது."

அளவக்கா மறுபடி வாளியில் குனிந்தாள். தாய் மட்டி தன் பொய் மீனை அழகாக ஆட்டிக்கொண்டிருந்தது. கண்ணும் வாலும் அச்சு அசல். ஏமாறத்தான் ஆளில்லை. தையல் கடையில் நின்று கட்டில்காரன் கதையைச் சொல்லிவிட்டுக் கணவரின் முகத்தைப் பார்க்கிற தன் நினைப்பு அவளுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு வராத இடத்தில் சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. அங்கேதான் வினை. தையல்காரரின் மேசை இழுப்பறையில் பழைய சிப்பிப் பட்டன்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன, அந்தப் பட்டறைக் காலத்துச் சரக்கு. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், தாய் மட்டிக்குப் பக்கத்தில் கூழாங்கல் இடுக்கில் பாதி தெரிகிற மாதிரி சொருகி வைத்தாள். மறுநாள் மட்டி டாக்டர் வாளியை அமுக்கினாள். பளபளவென்று, குட்டியாக, வட்டமாக. தொடாமல் பதறி எழுந்தவள், கரைக்கு ஓடிப் போய் முதலில் செய்த காரியம் தன் மேலதிகாரிக்குப் போன் போட்டதுதான். பேசி முடித்து, திரும்பி வந்து, இடுக்கி கொண்டு மெல்ல எடுத்துப் பார்த்தாள். நடுவில் நாலு ஓட்டை.

அளவக்கா சிரிக்கத் தயாராக நின்றாள். ஆனால் அந்தப் பெண் படியில் உட்கார்ந்து பட்டனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடியே இருந்தாள். "வெளையாட்டுதான், இல்லக்கா?" என்றாள் ஒருவழியாக. பிறகு மறுபடி போன் போட்டு, முன்னால் சொன்னதை வாபஸ் வாங்கினாள். போகும்போது வாளியை மறந்துவிட்டோ வேண்டுமென்றோ படியிலேயே விட்டுப் போய்விட்டாள். அளவக்காவுக்கு அன்று அசடு வழியக்கூட வரவில்லை. வாளியைக் கழுவி அறையில் பத்திரமாக வைத்தாள்.

அதற்கு முந்தைய வருஷத்து வெள்ளம் குறுக்குச் சுவரின் ஒரு ஓரத்தை ஒரு ஆள் நுழைகிற அகலத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. இப்போது அதை அடைக்கப் பணம் வந்துவிட்டது. உடைப்பை அடைத்து, பாலத்தடியை ஆழப்படுத்தி, கூழாங்கல்லையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, இரு பக்கமும் கல் பதிப்பதாகத் திட்டம். மட்டி டாக்டர் சண்டைக்கு வந்தாள். அந்த வேலைக்குப் பொறுப்பான இன்ஜினியரும் கெட்டவர் இல்லை, பாலத்தில் நின்று பொறுமையாகவே பேசினார்.

"குட்டி வளர்ற எடம்னு காட்டுங்க, நான் ஒரு கல்லைத் தொட மாட்டேன். எனக்கு அப்படி எழுத வழி இருக்கு. ஆனா கெழடுங்க மட்டும்தான் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. கெழடுங்களத் தொட்டியில வெச்சுப் பாத்துக்கலாமே."

மட்டி டாக்டர் நாள் கணக்கில் தேடினாள். சேறு கலங்கிய தண்ணீரில் ஒன்றும் அகப்படவில்லை. மட்டிகளுக்கான முதியோர் இல்லம் நிலையத்தில் தயாரானது. மண் வாரும் இயந்திரம் கரையில் வந்து நின்றது. திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

சனிக்கிழமை காலை தண்ணீர் இறங்கித் தெளிந்திருந்தது. அளவக்கா கோட்டைப் பார்த்தாள். தாய் மட்டியை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வாளியை எடுத்து அளவுப்பலகையின் அடியில் அமுக்கினாள். பலகையின் காலுக்கு ஒட்டினாற்போல் மஞ்சளாக ஒரு சின்ன வட்டம். தான் வைத்த பட்டன்தான் இன்னொன்று கிடக்கிறதோ என்று முதலில் நினைத்தாள். அப்படி இன்னொன்று வைத்த ஞாபகம் அவளுக்கே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டத்தின் ஓரம் திறந்தது. நாக்கு நுனி மாதிரி வெள்ளையாக ஒன்று வெளியே நீண்டு, கல்லைப் பிடித்து, உடம்பை ஒரு நெல்லளவு தூரம் இழுத்தது.

அளவக்கா வாயைத் திறந்தாள். சொல்ல ஆளில்லை. இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை என்பது அடுத்த நிமிஷமே உறைத்தது.

கையில் அள்ளிக்கொண்டு போய்க் காட்டவும் முடியாது. இருந்த இடத்தில் இருக்கிறபடி பார்த்தால்தான் சாட்சி, எடுத்துவிட்டால் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும் என்று மட்டி டாக்டர் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். படம் பிடிக்கலாம் என்றால் அவளிடம் இருப்பது பட்டன் போன். அதில் எடுத்தால் முகமும் முட்டைக்கோசும் ஒன்றுபோலத் தெரியும். படியேறிப் போய் மட்டி டாக்டருக்குப் போன் போட்டாள்.

"டாக்டரம்மா, குட்டி ஒண்ணு இருக்கு."

"எத்தன ஓட்டைக்கா? ரெண்டா, நாலா?"

"ஓட்டையே இல்லம்மா."

"அப்போ சட்டைக்கு ஆவாது. வெச்சிடறேன்க்கா. தொட்டிக்குத் தண்ணி ரொப்பிட்டிருக்கேன்."

அடுத்து தலைமை அலுவலகத்துக்கு நீர்மட்டம் சொல்ல வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு அளவக்கா நெடுநேரம் நின்றாள். அந்தக் குரலில் சொன்னால் நம்புவார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவள் சொன்ன எதையும் அவர்கள் திருப்பிக் கேட்டதில்லை. எண்ணைச் சொல்லி, கூடவே மட்டிக் குட்டி ஒன்று என்று சேர்த்துவிட்டால் என்ன. ஆனால் அந்தப் பக்கம் இருக்கிற பையன், 'என்னக்கா, இதுலயும் ஆரம்பிச்சுட்டீங்களா' என்று சிரித்துவிட்டால்? அப்புறம் வெள்ளம் வருகிற அன்றைக்கு அவள் எண்ணைச் சொல்லும்போதும் ஒரு கணம் யோசிப்பான். அந்த ஒரு கணத்தில் கரையோரத் தெருவில் தண்ணீர் ஏறிவிடும். அளவக்கா நீர்மட்டத்தை மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். தன் பேச்சைத் தானே இப்படி ஒன்றுக்கும் உதவாமல் செய்துவைத்திருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது கடையில் கால்சட்டையை இறக்கித் தைக்கக் கொடுத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேட்பதற்குத் தயாராக நிமிர்ந்தும் உட்கார்ந்தார். அளவக்கா அவரைத் தாண்டி நேராக உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மிஷின் நின்றது. தையல்காரர் குண்டூசிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவிட்டு உள்ளே வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து எத்தனையோ பொய்யை அவர் கேட்டிருக்கிறார். இவ்வளவு மட்டமான பொய்யைக் கேட்டதில்லை. வந்தவருக்கு நாளை வரச்சொல்லிவிட்டுத் திரும்ப வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லு."

"சொன்னா சரி சரின்னு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன்."

"மட்டிக் குட்டி ஒண்ணு பாத்தேன்."

தையல்காரர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். அது தாம்பாளம் அகலம் இருந்தது, தன்னைப் பார்த்துச் சௌக்கியமா என்று கேட்டது, அதற்கு ஒரு மாமன் முறை வேறு இருக்கிறது என்று ஏதாவது வரும் என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் எழுந்தார். மேசையில் கிடந்த இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார், செருப்பை மாட்டினார், கடையின் கதவை இழுத்துச் சாத்தினார். "வா, போலாம்" என்றார்.

தையல்காரருக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. துணியை நனைத்தால் சுருங்கும் என்பது தவிரத் தண்ணீரைப் பற்றி அவருக்கு வேறு அபிப்பிராயம் ஏதும் கிடையாது. மடிப்புக் கலையாத தன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, பலகையைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். வாளிக்குள் முகத்தை விட்டார்.

"எங்க?"

"பலகைக்குக் கீழ. மஞ்சளா."

"கல்லுதான் இருக்கு."

அளவக்கா பார்த்தாள். கல்தான் இருந்தது. புதைந்துகொண்டதா, தண்ணீர் அடித்துக்கொண்டு போனதா? ஊரையெல்லாம் ஏமாற்றி ஏமாற்றிக் கடைசியில் தன் கண்ணே தன்னை ஏமாற்றத் தொடங்கிவிட்டதோ என்று பயந்தாள். "இருந்துச்சுங்க. சத்தியமா இருந்துச்சு" என்றாள். அவர் சரி சரி என்று சொல்லிவிடுவார் என்று காதைக் கெட்டியாக வைத்துக்கொண்டாள். அவர் சொல்லவில்லை. இடுப்பு வலித்தாலும் குனிந்தபடியே நின்றார். அன்றைக்குப் பாலத்தில் நின்ற மாதிரியே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கற்களுக்கு நடுவே மணல் லேசாக அசைந்தது. மஞ்சள் வட்டம் ஒன்று மண்ணை நெம்பிக்கொண்டு மேலே வந்து, ஓரத்தைத் திறந்து, வெள்ளைக் காலை நீட்டியது. தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துத் தண்ணீரில் இறக்கி, தொடாமல், பக்கத்தில் பிடித்து அளந்தார். சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரிது, கோட்டுப் பட்டனைவிடக் கொஞ்சம் சிறிது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். கண்கள் இரண்டும் அகல விரிந்திருந்தன. அளவக்காவுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் குட்டி மட்டிகூட ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"போனைக் குடு" என்றார். போட்டதும் அந்தப் பக்கம் பேச இடம் கொடுக்கவில்லை.

"அக்காவோட வீட்டுக்காரர் பேசறேங்க. தையல் கடை வெச்சிருக்கேன். வாழ்நாள் பூரா பட்டன்தான் தெச்சிருக்கேன். சிப்பிப் பட்டன், எலும்புப் பட்டன், பிளாஸ்டிக் பட்டன், எல்லாம் பாத்தாச்சு. இது பட்டன் இல்லீங்க. நடக்குது."

மட்டி டாக்டர் வருவதற்குள் இன்னொன்றும் நடந்தது. அதுவரை தண்ணீரைக் கண்டு நடுங்கியவருக்கு வாளியை விட மனம் வரவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இங்க பாரு, ஒரு குட்டி மீனு. பாவம், மட்டிகிட்ட மாட்டிக்கிட்டு நெளியுது" என்றார். அளவக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லியிருக்கலாம். சொல்வாளா அவள்?

"அப்பிடியா? எடுத்து விடுங்களேன், பாவம்."

தையல்காரர் இரண்டு விரலை விட்டார். மீன் சட்டென்று மறைந்தது. மட்டி படக்கென்று வாயை மூடி அவர் முகத்துக்கு நேராகச் சேற்றைக் கலக்கி ஊதியது. அவர் பின்னால் சாய்ந்து, இருந்த மடிப்பெல்லாம் போக, மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தார். அளவக்கா பலகையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். ஓடி வந்த மட்டி டாக்டர் பார்த்தது ஆற்றில் நின்றும் உட்கார்ந்தும் சிரித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அது குஞ்சு பீச்சியிருந்தா நீங்கதான் வளக்கணும், தெரிஞ்சுக்கங்க" என்றாள். பிறகு வாளியில் குனிந்தாள். குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. அளவக்காவின் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

"நீ எதுக்கு? நாலு ஓட்டை வெச்சவ நான்தானே."

அன்று மாலைக்குள் இன்னும் சில குட்டிகள் தென்பட்டன. உடைந்த சுவரின் சந்து வழியாக மாப்பிள்ளை போன மழைக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறது, யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. இன்ஜினியரும் வந்தார், வாளியில் பார்த்தார், "இத்துணூண்டுக்கா இவ்வளவு பாடு" என்றார். ஆனால் சொன்ன பேச்சு மாறவில்லை. இயந்திரம் திரும்பிப் போனது. உடைப்பை அடைக்காமல், மீன் ஏறுவதற்குத் தோதாக அதில் ஒரு கல் சரிவு அமைத்தார்கள்.

துறையிலிருந்து ஓர் அறிவிப்புப் பலகையும் வந்தது. 'மட்டிகள் வாழும் இடம். தொந்தரவு செய்யாதீர்கள்.' வந்தவர்கள் அதை வேறெங்கும் அடிக்க இடமில்லாமல் அளவக்காவின் அறைக்கதவுக்கு மேலே அடித்துவிட்டுப் போனார்கள். தலைமை அலுவலகத்தார் வந்தால் அவள் அதற்கு நேர் கீழேதான் நாற்காலி போட்டு உட்கார வைப்பாள்.

கதை மட்டும் சும்மா இருக்குமா? ஒரு மாதம் கழித்துத் தையல் கடையில் ஒருவர் கையை விரித்துக்கொண்டு நின்றபோது, அளவக்கா குட்டி மட்டியை அவருக்கு விவரித்துக்கொண்டிருந்தாள். தங்க நிறம் என்றாள். தன்னைக் கண்டதும் படியேறி வந்தது என்றாள். அகலம் எவ்வளவு என்று கேட்டதற்கு, தையல்காரரின் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு என்றாள். வந்தவர் வழக்கம்போலச் சிரிக்கத் தயாராகி, தலையைத் திருப்பித் தையல்காரரைப் பார்த்தார்.

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை நிதானமாக எடுத்தார்.

"ஆமாங்க" என்றார். "நான்தான் டேப் பிடிச்சேன்."